மஞ்சள் வண்டியைத் தாண்டாதவர்

கோட்டைக்குப்பத்துக்கு வந்து தனசேகர் என்று கேட்டால் யாரும் உடனே சொல்ல மாட்டார்கள். கார் தனசேகர் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும். அந்தக் கார் தனசேகரைக் கட்டிக்கொண்ட புண்ணியவதி நான்தான். பெயர் இளவரசி. ஊர் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, சோறு போட்டு, தூங்க வைப்பது என் வேலை. நாள் முழுக்க அத்தனை வாண்டுகளை மேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இன்னொரு வாண்டு காருக்கு அடியில் படுத்துக் கிடக்கும். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரியும். அந்தக் கால்களைத் தாண்டித்தான் நான் வீட்டுக்குள் போக வேண்டும்.

தொழில் என்னவோ இவருக்கு ஏரியில்தான். பழவேற்காடு ஏரியில் எறா பிடிக்க எங்கள் ஆட்களுக்குப் பாடு உண்டு. எறா என்றால் இறால், பாடு என்றால் முறை. நல்ல இடத்தில் வலை கட்ட எல்லாருக்கும்தான் ஆசை. அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இந்த நாளில் இந்த இடம் இன்னாருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். அன்றைக்குப் பாடு யாருடையதோ அவர் படகுதான் முன்னால் போகும். என்னிடம் இன்ஜின் இருக்கிறது என்று அவரை உரசிக்கொண்டு தாண்டிப் போகக் கூடாது. அலை எழும்பி எறா கலைந்துவிடும் என்பது ஒரு காரணம், மரியாதை இன்னொரு காரணம். ஒரு வீட்டில் சாவோ சீக்கோ வந்துவிட்டால், முறை உள்ளவர் தன் பாட்டையே அந்த வீட்டுக்குக் கொடுப்பதும் உண்டு. அப்படிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் கொடுத்தவரை ஊர் நடுவே அவமானப்படுத்தியதாக ஆகிவிடும்.

நான் இவரை முதலில் பார்த்ததே ஒரு பாடு நாளில்தான். அக்கரையில் சித்தி வீட்டுக்குப் போக என் நைனா படகில் உட்கார்ந்திருந்தேன். அன்று நைனா முறை. எங்கள் படகில் இன்ஜின் கிடையாது. நைனா கழி ஊன்றித் தள்ளித் தள்ளி, நடுவில் பீடி பற்றவைத்து, சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஒரு இன்ஜின் படகு. இன்ஜினை நிறுத்திவிட்டு அதுவும் கழி போட்டே வந்தது. அந்த இடத்தில் ஏரி நல்ல அகலம். தூரமாக ஒதுங்கிப் போய்விட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், மற்ற படகுகள் அப்படித்தான் போயின. இது மட்டும் போகவில்லை. நாங்கள் நின்றால் நின்றது, நகர்ந்தால் நகர்ந்தது. நடுவில் ஒரு படகு இடைவெளி, அது கூடவும் இல்லை குறையவும் இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“இன்னா, இன்ஜின் ரிப்பேரா?” என்று கத்தினேன்.

“இல்ல. உங்க நைனா பாடு,” என்றது அந்தப் படகு.

நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். நைனா திரும்பிப் பார்த்து, “நீ கேசவன் மவன்தானே?” என்று கேட்டார். எங்கள் கல்யாணப் பேச்சு அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது.

கட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, இந்த மனுஷன் ஏரியில் மட்டும் அல்ல, எங்கேயுமே யாரையும் தாண்ட மாட்டார் என்று. ரேஷன் கடைக்கு அனுப்பினால் பின்னால் வந்தவர்கள் எல்லாம் சர்க்கரையோடு வீட்டுக்குப் போன பிறகு இவர் வெறும் பையோடு வருவார். கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசிப் பந்திக்கும் அடுத்த பந்தி இருக்கிறதா என்று பார்ப்பார். நான் திட்டுவேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்ட ஆளுக்குக் கார் பைத்தியம் எப்படிப் பிடித்தது? ஒரு வருஷம் முகத்துவாரம் மண் மூடி, ஏரித் தண்ணீர் கெட்டு, வலையில் பாசிதான் வந்தது. ஏரி கெட்டதே பக்கத்துத் துறைமுகத்தால்தான் என்று ஊரே எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. வேறு வழியில்லாமல் இவர் துறைமுகத்து வேலைக்குப் போனார். என் தம்பி ஒரு மழைக்காலம் முழுக்க இவரோடு பேசவில்லை. வேலை இதுதான்: வெளிநாடு போகிற புதுக் கார்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு போய்க் கப்பலுக்குள் நிறுத்த வேண்டும். இறங்கி வந்து அடுத்த காரை எடுக்க வேண்டும். விதவிதமான கார்கள். எதையும் நடைவேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, கூப்பிடு தூரத்துக்கு மேல் ஓட்டவும் முடியாது.

“விருந்துக்குக் கூப்புட்டு வாசனை காட்டி அனுப்பற மாரி கீது மே,” என்பார்.

அந்த வேலை முடிந்து, ஏரியும் சரியாகி, இவர் மறுபடி வலைக்குத் திரும்பினார். வாசனை மட்டும் போகவில்லை. பழவேற்காட்டில் படகு இன்ஜினும் காரும் பழுது பார்க்கிற ராபர்ட், சென்னையில் யாரோ ஓட்டிச் சலித்த ஒரு பழைய காரைப் பிடித்துக் கொடுத்தான். வெளுத்த நீலம். பார்க்கப் பால் பாக்கெட் வாங்கப் போகிற வண்டி. பின்கதவைத் தூக்கினால் மீன் கூடை வைக்கலாம், வைத்தும் இருக்கிறேன். ஆனால் அந்தக் குட்டி உடம்புக்குள் டர்போ வைத்த இன்ஜின், இறுக்கமான சஸ்பென்ஷன், ராபர்ட் எங்கிருந்தோ கொண்டுவந்த நல்ல டயர்கள் எல்லாம் இருந்தன. மாடியில் ஒரு அறை கட்டலாம் என்றிருந்தேன். அது வீண் செலவு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலைச் சாதாரண ஆட்களுக்கும் திறந்து விடுவார்கள். ஹெல்மெட்டும் தன் வண்டியும் இருந்தால் போதும். பந்தயம் என்று சொல்ல முடியாது, அவரவர் நேரத்தை அவரவர் பார்த்துக்கொள்வது. அங்கேதான் பெரிய மனிதர்களின் ஸ்போர்ட்ஸ் கார்கள் வரும். தரையோடு படுத்த மாதிரி இருக்கும். இன்ஜின் பின்னால், தள்ளுவது பின்சக்கரம். இவருடைய வண்டியில் எல்லாம் முன்சக்கரம்தான். இழுக்க வேண்டியதும் அதுதான், திரும்ப வேண்டியதும் அதுதான். எங்கள் குப்பத்துப் பெண்கள் மாதிரி என்று நினைத்துக்கொள்வேன். வளைவில் அவசரப்பட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் இரண்டு வேலையும் கெட்டு, மூக்கு ரோட்டை விட்டு வெளியே ஓடும். பிரேக்கைக் கடைசிவரை தள்ளிப்போட்டு, மூக்கைத் திருப்பிவிட்டு, அப்புறம் பொறுமையாக மிதிக்க வேண்டும். பொறுமை இவரிடம் கொட்டிக் கிடந்தது.

ஆனாலும் ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் ஒரே பாட்டுத்தான். “இன்னிக்கும் மஞ்ச வண்டிக்குப் பின்னாடியேதான் வந்தேன் மே.” அது அண்ணா நகர்ப் பல் டாக்டர் மோகன்குமாருடைய வண்டி. ஏதோ பெரிய பாக்கியம் கிடைத்த மாதிரி சொல்வார். அந்த வண்டியின் பின்பக்கத்தைப் பார்ப்பதற்கா இவ்வளவு டயரைத் தேய்க்கிறாய் என்று கேட்பேன். பாவம், இந்தச் சின்ன வண்டியால் முடியாது போலிருக்கிறது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வேன். நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

போன வருஷம் இவர் வலது பக்கத்தில் இருக்கிற பொருளையெல்லாம் தட்டிவிட ஆரம்பித்தார். தண்ணிச் சொம்பு, கதவு நிலை, ஒருநாள் என்னையே. சென்னைக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பக்கப் பார்வை சுருங்குகிறதாம். சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்றார்கள். ரோட்டில் வண்டி ஓட்டுவதை விட்டுவிடுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் இவர் கார் சாவியை ஆணியில் மாட்டினார்.

“பக்கத்துலேந்து ஒரு கொழந்த ஓடியாந்தா எனக்குத் தெரியாது மே. வேணாம்,” என்றார்.

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சாவியை மாட்டியதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்குச் சமையல்கட்டில் போய் அழுதேன். பொங்கல் கழிந்து ஒருநாள் சாப்பிடும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“ஒரே ஒரு வாட்டி திடலுக்குப் போய்ட்டு வந்துடவா? அங்க எதிர்ல வண்டி வராது. பக்கத்துல திடீர்னு யாரும் வரமாட்டாங்க. முன்னாடி போறவரு கை காட்டுனாத்தான் தாண்டணும், அதுவும் நேர் ரோட்ல மட்டும். கண் டாக்டரக் கேட்டேன். திடல்லயும் மறைக்காம சொல்லிட்டேன். வண்டி கம்மியா வர்ற நாளாப் பாத்து வரச் சொன்னாங்க.”

“போய் இன்னா பண்ணப் போற? மறுபடி மஞ்ச வண்டிக்குப் பின்னாடி வரப் போறியா?”

“முன்னாடி யாருமே இல்லாத ஒரு சுத்து மே. இத்தினி வருசமா எனக்கு அது கெடைக்கல. என் வண்டி இன்னா ஓடும்னு எனக்கே தெரியாது. அது தெரிஞ்சுட்டா போதும். அப்பறம் சாவிய உன் கையில குடுத்துடறேன்.”

பெண்டாட்டியிடம் இதுவரை புடவைக் கலர்கூட இதுதான் வேண்டும் என்று சொல்லாத மனுஷன். நான் என்ன சொல்ல முடியும்? பொன்னேரியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். ரோட்டில் இவர் ஓட்டக் கூடாது என்றால் யாராவது ஓட்ட வேண்டுமே.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். முன்னும் பின்னும் சிவப்பு எல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் இவர், பின்சீட்டில் ஜாக்கி, டயர், சாப்பாட்டு கேரியர், இவற்றுக்கு நடுவில் ராபர்ட். பந்தயத் திடலுக்கு எல் போர்டு போட்டுக்கொண்டு போன முதல் வண்டி எங்களுடையதாகத்தான் இருக்கும். மீஞ்சூர் தாண்டுவதற்குள் கன்டெய்னர் லாரிகள் எல்லாம் காதுக்குள் ஹாரன் அடித்துவிட்டுப் போயின. ஒரு ஷேர் ஆட்டோக்காரன் தாண்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். எனக்கு உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. நான் கியர் மாற்றும்போதெல்லாம் இவர் காலைத் தரையில் அழுத்திக்கொண்டார்.

திடலில் அன்று ஏழெட்டு வண்டிகள்தான். மஞ்சள் வண்டி வந்திருந்தது. வேகமான வண்டிகளை முதலில் விடுவது அங்கே வழக்கம். மஞ்சள் முதலில் இறங்கியது, அதற்கு அடுத்து இவர். பின்னாலேயே மற்றவர்கள். நானும் ராபர்ட்டும் மேலே படியில் உட்கார்ந்து பார்த்தோம். குடையை விரித்துக்கொண்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் என் வீட்டு வண்டியை அடையாளமே தெரியவில்லை. மீன் கூடை ஏற்றிய வண்டியா அது? வளைவுக்கு வந்து, பிரேக் விளக்கு எரிந்து, சட்டென்று மூக்கைத் திருப்பியது. திரும்பும்போது உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு மேலே எழும்பியது.

“ஐயோ, இன்னாடா இது, நாய் காலத் தூக்கற மாரி தூக்குது!”

“நல்லதுதான் அண்ணி. அண்ணன் சரியா ஓட்டறாருன்னு அர்த்தம்,” என்றான் ராபர்ட்.

நேர் ரோட்டில் மஞ்சள் வண்டி ஒரு உறுமலோடு பறந்தது. எங்கள் வண்டி பின்தங்கிச் சின்னதாகிப் போனது. அடுத்த வளைவுகள் வந்ததும், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மறுபடி மஞ்சளின் முதுகில் நின்றது. அடுத்த சுற்றிலும் அதே கதை. ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் நேர் ரோட்டில் சம்பாதிப்பதை இவர் வளைவில் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா அண்ணி, ஒவ்வொரு வாட்டியும் இதான். நேர் ரோட்ல அந்த இன்ஜினுக்கு நாம ஈடில்ல. வளைவுல நாமதான். ஆனா கரெக்டா நடுவுல வந்து அண்ணன் ஆக்சிலேட்டர்லேந்து கால எடுத்துடறாரு. லைட் அடிச்சா டாக்டர் கை காட்டி வுட்டுடுவாரு. அடிக்கச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. சரி, கொஞ்சம் பின்தங்கி முன்னாடி எடம் பண்ணிக்கோன்னா, பின்னாடி வர்றவங்களுக்கு வழி அடைக்குமாம். அதுவும் மாட்டேங்கறாரு. பயந்துக்கறாரோ இன்னாவோ.”

நான் குடையை மடக்கினேன். வளைவின் நடுவில் இரண்டு வண்டிக்கும் இருந்த இடைவெளியைப் பார்த்தேன். அடுத்த வளைவிலும் பார்த்தேன். மஞ்சள் தயங்கினால் நீலமும் தயங்கியது, மஞ்சள் நகர்ந்தால் நீலமும் நகர்ந்தது. நடுவில் ஒரு படகு இடைவெளி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ராபர்ட் சொன்னது தப்பு. பயமும் இல்லை, முடியாமையும் இல்லை. இந்த மனுஷன் கழி போட்டுக்கொண்டு வருகிறார். இத்தனை வருஷமாக, இவ்வளவு பணக்காரர்களுக்கு நடுவில், தன் வண்டியின் முழு வேகத்தையும் மடியில் கட்டிக்கொண்டு, முதலில் இறங்கினவர் முறை என்று பின்னாலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறார். அங்கே இருந்த யாருக்கும் அது தெரிய வழியில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது.

மதியம் மரத்தடியில் கேரியரைத் திறந்து எறாத் தொக்கும் சோறும் போட்டேன். பாதிச் சாப்பாட்டில் பிடித்தேன்.

“யோவ், உண்மையச் சொல்லு. அந்த மஞ்ச வண்டிய உன்னால தாண்ட முடியுமா, முடியாதா?”

சோற்றைப் பார்த்தார். “அவருதானே மொதல்ல எறங்கனாரு.”

“அதனால? இங்க இன்னா எறாவா கலைஞ்சுடப் போவுது?”

“எனக்கும் தெரியும் மே. இது ஏரி இல்லன்னு தெரியாதா? லைட் அடிக்கலாம்னு ஒவ்வொரு வாட்டியும் கை போவும். பட்டன் மேலயே கை நின்னுக்கும். வரமாட்டேங்குது. அவரு பாட்டுல நான் பூந்துட்ட மாரி கூச்சமா கீது.”

“அப்ப இன்னிக்கும் பாத்தது போதும்னு ஊட்டுக்குப் போவப் போறியா?”

ஒரு எறாவை எடுத்து என் தட்டில் வைத்தார். அவருக்கு வருத்தம் வந்தால் இப்படித்தான் செய்வார்.

நான் கையைக் கழுவிக்கொண்டு நேராக மஞ்சள் வண்டிக்குப் போனேன். மோகன்குமார் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். தலை நரைத்த, மெலிந்த மனுஷர்.

“தனசேகர் சார் மிஸஸா நீங்க? உட்காருங்க,” என்று எழுந்தார். தனசேகர் சாராம்! எங்கள் ஊரில் வரி வசூலிக்க வருகிறவர்கூட இவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

நான் உட்காரவில்லை. பாடு என்றால் என்ன, யார் முன்னால் போவார், யார் தாண்டக் கூடாது எல்லாவற்றையும் அங்கன்வாடியில் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கண் விஷயத்தையும் சொன்னேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்போ இத்தனை வருஷமா வளைவுல நான்தான் அவரை மறிச்சுக்கிட்டு இருந்தேனா? கண்ணாடில பாக்கும்போதெல்லாம் ரொம்பப் பக்கத்துல இருப்பார். ஒரு தடவைகூட லைட் அடிச்சதில்லை. என் பின்னாடி வர்றது அவருக்குப் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்மா.”

“புடிச்சுதான் இருந்துச்சு சார். சந்தோஷமாதான் வந்து சொல்லுவாரு. ஆனா இன்னிக்கு அவருக்கு முன்னாடி யாரும் இல்லாத ஒரு சுத்து வேணும். அவரு கேக்க மாட்டாரு.”

“அவ்வளவுதானே? கடைசி ரவுண்டுல நான் அவருக்குப் பின்னாடி வர்றேன். இப்பவே போய்ச் சொல்லிடறேன்.”

“சும்மா சொன்னா போவ மாட்டாரு சார். நீங்க போங்க நீங்க போங்கன்னு நின்னுக்கினே இருப்பாரு. எங்க ஊர்ல எப்டிக் குடுப்பாங்களோ அப்டிக் குடுக்கணும்.” எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். பல் டாக்டர் இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சில சுற்றுகள் சேர்ந்தது ஒரு ரவுண்டு. கடைசி ரவுண்டுக்கு வண்டிகள் வரிசையில் நின்றன. மஞ்சள் முதலில், நீலம் அடுத்து. கொடி வைத்திருந்தவரிடம் போய் ஏதோ பேசிவிட்டு, மோகன்குமார் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி எங்கள் வண்டிப் பக்கம் நடந்து வந்தார். நான் சுவரை ஒட்டி நின்றிருந்தேன்.

“தனசேகர், இன்னைக்கு என் பாட்டை உங்களுக்குக் குடுக்கறேன்,” என்றார். பட்டணத்து வாயில் அந்த வார்த்தை கொஞ்சம் புதிதாகத்தான் ஒலித்தது.

இவர் அவரைப் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார். யார் வேலை என்று புரிந்துவிட்டது. “சார், அது வந்து...” என்று ஆரம்பித்தார். நான் சுவரோரத்திலிருந்தே கத்தினேன்.

“குடுக்கறப்போ வேணான்னு சொல்லக் கூடாது. சொல்லிப்புடாத!”

இவர் வாயை மூடினார். ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து மோகன்குமாரைப் பார்த்துக் கும்பிட்டார். மஞ்சள் வண்டி ஒதுங்கி வழி விட்டது. எங்கள் வெளுத்த நீலம் முன்னால் போய் நின்றது. அதற்கு முன்னால் யாரும் இல்லை, வெறும் ரோடு.

கொடி அசைந்தது. முதல் சுற்றில் டயரைச் சூடேற்றிக்கொண்டு மெதுவாகத்தான் வந்தார். இரண்டாவது சுற்றில் எங்களைத் தாண்டிப் போகும்போது சத்தமே வேறாக இருந்தது. ராபர்ட் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். நான் அவனை உதறவில்லை. வளைவில் வண்டி காலைத் தூக்கியது, இந்தத் தடவை நடுவில் வேகம் குறையவில்லை, தயக்கம் இல்லை. முன்சக்கரம் இரண்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தன. பின்னால் மஞ்சள் உண்மையாகவே துரத்தியது. நேர் ரோட்டில் கிட்ட வந்தது, வளைவில் விட்டுப் போனது, மறுபடி கிட்ட வந்தது, மறுபடி விட்டுப் போனது. எந்த இடத்திலும் சும்மா விட்டுக்கொடுத்ததாகத் தெரியவில்லை. அப்படி விட்டிருந்தால் எனக்கே பிடித்திருக்காது.

திடலில் இருந்த திரையில் இவர் சுற்றின் நேரம் வந்தது. மஞ்சள் வண்டி அன்று முழுக்க ஓடியதில் எது நல்ல நேரமோ, அதைவிட இது கண் சிமிட்டுகிற அளவு குறைவு. ராபர்ட் குதித்தான். எனக்கு அந்த எண் சரியாகத் தெரியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். ஏரியில் எவ்வளவோ நல்ல பாடு பார்த்திருக்கிறோம், எறா குவிந்து படகு தாழ்ந்து வந்திருக்கிறது. அன்றைக்கெல்லாம் நான் அழுததில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு இவர் உடனே இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கண்ணாடிப் பக்கம் குனிந்தேன், அவருக்குத் தெரிகிற இடது பக்கமாக.

“பாத்தியா?” என்றார்.

“பாத்தேன்.”

“இன்னா பாத்த?”

“காலத் தூக்குச்சு.”

சிரித்தார். “எனக்குத் தெரிஞ்சுபோச்சு மே, அது இன்னா ஓடும்னு,” என்றார். சாவியை உருவி என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கி மூடினார். மோகன்குமார் வந்து இவர் தோளைத் தட்டினார். இரண்டு பேரும் பிரேக்கைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டார்கள். விடைபெறும்போது டாக்டர் என்னிடம், “எந்த வழியா போவீங்கம்மா?” என்று கேட்டார். நசரத்பேட்டை வந்து வெளிவட்டச் சாலையில் ஏறுவோம் என்றேன்.

வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பினோம். எல் போர்டு முன்னும் பின்னும். ராபர்ட் டயரைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டான். பெங்களூர் ரோட்டில் இடது ஓரமாக, காலையில் வந்த அதே வேகத்தில் உருட்டிக்கொண்டு போனேன். காலையில் போல யாரும் என் காதில் ஹாரன் அடிக்கவில்லை. லாரி, பஸ் எல்லாம் தூரமாக ஒதுங்கித் தாண்டின. என்னடா இது, நாம் அவ்வளவு நன்றாகவா ஓட்டுகிறோம் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இவரும் திரும்பிப் பார்த்தார். நேராக இருப்பது இவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

“பின்னாடி டாக்டர் வண்டி,” என்றார்.

“ம்.”

“ஏன் தாண்டாம வர்றாரு? அந்த வண்டிக்கு இந்த வேகத்துல வந்தா இன்ஜினே சூடாவும். லைட்டும் அடிக்கல.”

நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. சிக்னலில் நின்றால் நின்றது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், அது அசையவில்லை. நடுவில் ஒரு படகு இடைவெளி.

“எனக்கு எப்டித் தெரியும்?” என்றேன். “இன்ஜின் ரிப்பேரா இருக்கும்.”

இவர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நசரத்பேட்டைப் பாலம் தெரிய ஆரம்பித்தது. நான் இண்டிகேட்டரைப் போட்டேன். பின்னால் மஞ்சள் வண்டி விளக்கை ஒரே ஒரு தடவை அணைத்து எரித்துவிட்டு, பூந்தமல்லிப் பக்கம் நேராகப் போனது.

“இல்ல மே,” என்றார் இவர். “உன் பாடு.”

நான் கியரை மாற்றினேன். இந்தத் தடவை இவர் காலை அழுத்திக்கொள்ளவில்லை.